பாவாயி செய்த இரும்பு மனிதன்

கோவிந்தாபுரம்,
18-12-1957

பாவாயியின் அப்பாவுக்கு, மருதாத்தாள் வணங்கி எழுதுவது. நானும் மகளும் இருக்கிறோம். சூரியநெல்லியில் இந்த மாதம் பனி அதிகம் என்று லாரிக்காரர் சொன்னார். தேயிலை பேக்டரியில் பெட்டி அடித்துவிட்டு வேர்வையோடு வெளியே நிற்காதீர்கள்.

இங்கே கடலைக்காய் பறித்து முடிந்தது. பதினொரு நாள் குனிந்தே நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. சேந்து கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. இதை எல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

தீபாவளிக்கு நீங்கள் லாரியில் கொடுத்தனுப்பிய தேயிலைப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதில் வைத்திருந்த கம்பளிச் சட்டை பாவாயிக்கு அளவாக இருக்கிறது. அந்தப் பெட்டியால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஐப்பசியில் கொல்லங்கோட்டில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டார்கள். ஏதோ ஒரு இங்கிலீஷ் படம். அதில் தகரத்தால் ஆன ஒரு மனிதன் வருவானாம். உள்ளே உயிர் இல்லை, எல்லாம் இயந்திரம்தான். முழங்காலை மடக்காமல், டக் டக் என்று சத்தம் போட்டு நடப்பானாம். ஊர்ப் பிள்ளைகள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாவாயி டக் டக் என்று நுழைந்ததும், "இரும்பு மனுசன் வர்றான் டோய்" என்று ஒருத்தன் கத்தியிருக்கிறான். அன்றிலிருந்து அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது.

ஒன்பது நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடித்தும் பார்த்தேன். ஆமாம், அடித்தேன். களைப்பில் கை நீண்டுவிட்டது. அவள் அழவில்லை. பத்தாம் நாள் காலையில் தானே வந்து, "அந்தப் படத்தை நானும் பாக்கோணும்மா" என்றாள். வேலையைப் போட்டுவிட்டுப் பகல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் கண் கொட்டாமல் பார்த்தாள். திரும்பும்போது, "அவனாட்டவே ஒண்ணு செய்யலாம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நாந்தான் அதுக்குள்ள நடப்பேன்" என்றாள். கேலி செய்தவர்கள் முன்னாலேயே போய் நிற்பதா என்று கேட்டேன். "கூப்பிடறது கூப்பிடறாங்க, சரியாவாச்சும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஒரு மாதம் வீடு வீடாக இல்லை. உங்கள் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த வெள்ளித்தாளை நனைத்து நனைத்து உரித்தாள். டம்ளரின் அடிப்பக்கத்தால் தேய்த்துச் சுருக்கம் எடுத்தாள். பலசரக்குக் கடை மொய்து ராவுத்தரிடம் சோப்புப் பெட்டி அட்டை கேட்கப் போனேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு சீமெண்ணெய் டின்னையும் சேர்த்துக் கொடுத்தார். "தலைக்கு ஆகும் ஆத்தா, எடுத்துட்டுப் போ" என்றார். அந்த டின்னை வெட்டி மாட்டியதில் காது ஓரம் கிழித்துவிட்டது, கனமும் தாங்கவில்லை. கடைசியில் ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வெள்ளித்தாள் ஒட்டினோம். கைகளுக்குப் பாக்குப் பாளையை ஊற வைத்துச் சுருட்டிக் குழாய் மாதிரி கட்டினோம். கஞ்சிப் பசை நிற்கவில்லை. எறும்பும் கரப்பானும் தின்றுவிட்டன. சினிமா நோட்டீஸ் ஒட்டுகிறவரிடம் கேட்டு, மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினேன். அது பிடித்துக்கொண்டது. நெஞ்சில் பொத்தான்களுக்கு அவள் குடித்து முடித்த மருந்து பாட்டில்களின் மூடிகள். இருபத்திரண்டு இருந்தன. அவ்வளவு குடித்திருக்கிறாளா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கால்களுக்கு வந்தபோது, இரும்புச் சட்டம் போட்ட காலை அட்டையால் மூடிவிடலாம் என்று நான் அளவெடுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். "இந்தக் காலுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, இது இருக்கறபடியே இருக்கட்டும். அந்தக் காலுக்குத்தான் செய்யோணும்" என்றாள். நல்ல காலுக்கு, டின் தகரத்தை நறுக்கி, ஓரத்தை அடித்து மழுக்கி, வார் வைத்து, இந்தக் கால் இரும்பைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி ஒன்று செய்தோம்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் விழா. ஈஸ்வரமூர்த்தி வாத்தியார் இவள் பெயரைச் சொன்னதும் திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த சின்னதுகள் அலறி எழுந்து ஓடின. பெரியவர்கள் சிரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு அடி நன்றாகத்தான் நடந்தாள். அப்புறம் ஜமுக்காளத்தின் ஓரம் தடுக்கி அப்படியே முகம் குப்புற விழுந்தாள். அட்டை நெஞ்சு நசுங்கிப்போயிற்று. அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் முழுக்கக் கைதட்டியது.

நான் எழுந்து ஓடினேன். கூடைக்குள்ளிருந்து, "வராதம்மா" என்று குரல் வந்தது. நின்றுவிட்டேன். பக்கவாட்டில் புரண்டாள். இரும்புக் காலைக் கையால் பிடித்து நேராக வைத்தாள். பாளைக் கை ஒன்று கழன்று விழுந்தது. வெறுங்கையை ஊன்றி, வழுக்கி, மறுபடி ஊன்றினாள். வீட்டில் தினமும் அப்படித்தான் எழுந்திருக்கிறாள், ஆனால் ஊர் அதைப் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. கைதட்டல் நின்றுபோயிற்று. யாரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, மீதி மேடையையும் நடந்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். ராவுத்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன்.

வண்டியில் வரும்போது, "கால் வலிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அதோடு கேலி நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவள் திரும்பி நின்று, "என்ன?" என்று கேட்கிறாள்.

இதை அப்பாவுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா காலைப் பத்தி எழுதாதே. அப்பா படிக்காம மடிச்சு வெச்சிருவாரு" என்றாள். பத்து வயதுப் பெண் சொல்கிறாள். போன சித்திரையில் நீங்கள் வந்து மூன்று நாள் இருந்தபோது, அவள் நடந்து வந்த நேரமெல்லாம் நீங்கள் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனீர்கள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். லீவு இல்லை என்றுதான் அவளிடம் சொன்னேன். நம்பினாள் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

நான் காலைப் பற்றியே எழுதிவிட்டேன். இதுவரை படித்திருந்தால் மேலும் கொஞ்சம் படியுங்கள்.

பிள்ளை வளர்ந்துவிட்டாள். இரும்பு இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. தொடையில் புண் வருகிறது. தை பிறந்து இரண்டாம் புதன்கிழமை கோயமுத்தூருக்குக் கூட்டிவரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்திருக்கிறது. போன தடவை பொள்ளாச்சியில் பஸ் மாறும்போது அவளைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாமல் நின்றேன். யாரோ ஒரு புண்ணியவான் வாங்கி ஏற்றிவிட்டார். முன்பின் தெரியாத ஆள். இவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை, கையை மடக்கி வைத்துக்கொண்டாள்.

மாதாமாதம் நீங்கள் அனுப்புவதில் ஒரு குறையும் இல்லை. இந்த முறை ஒன்றும் அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள். வரும்போது கம்பளி போட்டுக்கொண்டு வாருங்கள். மாரியாத்தா துணையிருப்பாள். பாவாயியிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வருவதாக எழுதினால்தான் சொல்வேன். எனக்கு இடுப்பு முடியவில்லை. அவளைத் தூக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
மருதாத்தாள்