பருத்திமார் யாருக்கு

மார்ச் 6, வியாழன்

மண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, காணை ஊர்ப் பக்கத்துப் பெண்களின் அடுப்பு விறகைத் திருடியிருக்கிறோம். நானும்தான்.

கடைசிப் பறி முடிந்ததும் காய்ந்த பருத்திச் செடியை, இங்கத்துப் பேச்சில் மாரை, பெண்கள் பிடுங்குவார்கள். கூலி கிடையாது. பிடுங்கிய மார் பிடுங்கியவளுக்கு. மழைக்காலம் வரை அடுப்பெரியும். நிலக்காரருக்குப் பருத்திக் கொல்லை சுத்தம். இப்போது துணிக் கம்பெனி ஒன்று மண்ணை வளமாக்கிப் பருத்தி விளைவிக்க எங்கள் அமைப்பு வழியாக நிதி தருகிறது. முதல் நிபந்தனை: மார் கொல்லையை விட்டுப் போகக் கூடாது, நறுக்கி, மண்ணை மூடும் மூடாக்காகப் போட வேண்டும். நிதி, பட்டா வைத்திருப்பவருக்கு.

நறுக்குவது யார்? அதைப் பற்றித் திட்டத்தில் ஒரு சொல் இல்லை.

மார்ச் 8

மகளிர் தினம். திண்டிவனம் ஆபீசில் கேக். ஒருங்கிணைப்பாளர் கோகுலகிருஷ்ணன் சாரிடம் கேட்டேன், நறுக்குகிற கூலி யார் தருவது என்று.

“ஃபண்டு விவசாயிக்கு மட்டும்தான், மெர்லின்.”

“அப்ப மார் புடுங்கற பாஞ்சாலி யாரு சார்?”

கேக் எடுத்துக்கச் சொன்னார். தவக்காலம், இனிப்பு தொடறதில்ல சார் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 11

திட்டத்தில் சேர்ந்த சக்கரபாணியின் கொல்லை. மார் பிடுங்கும் பெண்களுக்கெல்லாம் பாஞ்சாலியக்காதான் வாய்.

“நறுக்கிப் போடணும்னா கூலி இன்னாண்ணே?”

“மார் புடுங்க எந்த வருசம் கூலி குடுத்தேன், புதுசா கேக்கற?”

“எந்த வருசம் மாரை நீ வெச்சிக்கின?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லும்மா, உங்க ரூலுதான.”

நான் நோட்டைப் புரட்டினேன். அக்கா என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. “நீ கேஸுல ஆக்கற பாப்பா. எனக்கு ஒல கொதிக்கணும்.”

மார்ச் 12

மூடாக்கு மண்ணுக்கு நல்லதுதான். அதில் சந்தேகமில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 17

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். மார் அப்படியே நிற்கிறது. ஒருத்தியும் கொல்லையில் இறங்கவில்லை. சக்கரபாணி ட்ராக்டரில் ரோட்டவேட்டர் விட்டு மாரை மண்ணோடு உழுதுவிடலாமா என்று கேட்டார். உழக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

“பேசி இறக்கு, உன் பொறுப்பு” — கோகுல் சார் போனில்.

இறக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும். போனா அம்மாகிட்ட இன்னா சொல்றது? தெரியல. ஆனா இறக்க மாட்டேன்.

மார்ச் 21

வந்தார்கள். ஏன் செடி நிற்கிறது என்று கம்பெனிப் பெண் கேட்டாள். நான் மொழிபெயர்க்க வேண்டும். “பதமா சொல்லு” என்றார் கோகுல் சார். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

“மண்ணுக்குத் தீனி போட வேணான்னு சொல்லல. என் அடுப்புக்கு இன்னா போடறீங்க? கூலிய சொல்லுங்க.”

ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள். ‘பவர்ஃபுல்’ என்றாள். எனக்குத் தன் நம்பர் கொடுத்தாள். அக்காவின் கையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

கையை மட்டும்.

மார்ச் 28

ஏப்ரலிலிருந்து எனக்கு காணை கிடையாது. ஒலக்கூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைத் திட்டம். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

லீவு போட்டு காணைக்குப் போனேன். கூலி பற்றிக் கம்பெனியிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. எள் விதைக்க நாள் போகிறதென்று சக்கரபாணியே இறங்கி வந்துவிட்டார்: “எடுத்துக்கினு போங்கம்மா. எனக்குக் கொல்ல காலியானா சரி.” திட்டத்திலிருந்தும் விலகிவிட்டார்.

பெண்கள் மார் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு சால் மட்டும் மார் நறுக்கி, மண் தெரியாமல் மூடியிருந்தது. யார் வேலை என்றேன்.

“நான்தான். செய்யத் தெரியாம நிக்கலன்னு அவங்களுக்குத் தெரியட்டும். போட்டோ புடிச்சி அனுப்பு. கூலி சொன்னா இப்பவே மார்க்கட்ட அவுத்து நறுக்கிப் போடறோம்.”

கம்பெனிப் பெண்ணின் நம்பருக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘மீதிக் கொல்லைக்குக் கூலி கொடுங்கள்.’

இரண்டு நீல டிக்: பார்த்துவிட்டாள்.

பதிலுக்காகப் பொழுது சாயும்வரை அக்கா மார்க்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, சும்மாட்டைத் தலையில் வைத்து, தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன்.