தனம் போட்ட குறுக்கெழுத்து

சேலையூர்,
28-12-1989

அன்பு மகள் அரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தம்பி மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மனிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்து பாடாய்ப் படுத்திவிட்டது, பள்ளிக்கரணையில் ரோட்டின் மேலேயே தண்ணீர் நின்றதால் சித்தியை மூன்று வாரம் போய்ப் பார்க்க முடியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறி இறங்கினால் ராத்திரி தைலம் போடாமல் தூக்கம் கிடையாது. தம்பி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டான். இரண்டு மாசமாக ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் நடந்துவிட்டது, அதுவும் என்னால் நடந்தது, இப்போது அரைப்பரீட்சை லீவில்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இங்கிலீஷ் வார்த்தைகளை ராத்திரி உருப்போட்டு காலையில் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று உனக்குத்தான் தெரியுமே. அப்பா பேப்பரில் கட்டம் நிரப்புவதைப் பார்த்து, ஜூலையில் நானும் பலகையில் கட்டம் போட்டு, குறிப்பு எழுதி, வார்த்தையைக் கண்டுபிடிக்கச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரே மாசத்தில் அவர்களுக்கு அது பைத்தியமாகிவிட்டது, மணி அடித்த பிறகும் எழுந்து போக மாட்டார்கள், காலாண்டில் ஸ்பெல்லிங் தப்பு பாதியாகக் குறைந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் மற்ற டீச்சர்களைக் கூப்பிட்டு வந்து என் வகுப்பைக் காட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தீபாவளி லீவுக்கு வீட்டுப் பாடமாக, உங்கள் வீட்டில் இருந்தும் தெருவில் இருந்தும் பத்து வார்த்தை எடுத்து ஆளுக்கு ஒரு குறுக்கெழுத்து நீங்களே போட்டுக்கொண்டு வாருங்கள், குறிப்பும் இங்கிலீஷிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

என் வகுப்பில் தனம் என்று ஒரு பெண், மாடம்பாக்கத்துக்காரி. அப்பா குப்புராஜ், முன்பு பயிர் வைத்தவர், இப்போது அந்த நிலத்தையே மனை போட்டு விற்கிறார். தனத்தின் அக்கா அம்மணியைச் சித்திரையில் படப்பையில் கட்டிக் கொடுத்தார்கள், ஆடிக்கு அழைத்து வந்தார்கள், ஆவணி பிறந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு முதல் நாள் அந்தப் பெண் கொல்லைக் கிணற்றில் கால் வழுக்கி விழுந்து செத்துப் போனாள் என்று எல்லாருக்கும் தெரியும். பதினைந்து நாள் கழித்து வந்த தனத்தை நான் தலையைத் தடவி உட்கார வைத்தேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. லீவு முடிந்து நாற்பத்திரண்டு தாள் வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தேன், கட்டம் சரியாகப் பொருந்துகிறதா, ஸ்பெல்லிங் சரியா, அவ்வளவுதான் பார்த்தேன். தனத்தின் தாளில் ஒரு தப்புகூட இல்லை. அதைத்தான் முதல் தாள் என்று எடுத்து, மேலே அவள் பெயரையும் எழுதி, கிளார்க்கிடம் கொடுத்து சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்து மறுநாள் வகுப்பு முழுக்கக் கொடுத்தேன். அன்று தனம் வரவில்லை, காய்ச்சல்.

கவ், மில்க், லாரி என்று பெண்கள் சத்தம் போட்டு நிரப்பிக்கொண்டே போனார்கள். பிறகு சத்தம் குறைந்தது. நான் ஏன் என்று குனிந்து தாளைப் பார்த்தேன். ஒரு குறிப்பு இப்படி இருந்தது, எல்லாரும் என் அக்கா இதைச் செய்தாள் என்கிறார்கள், நாலு எழுத்து. அது ஸ்லிப். அடுத்த குறிப்பு, என் அக்கா செய்தது, நாலு எழுத்து. அது ஜம்ப். இரண்டு வார்த்தையும் கடைசி எழுத்தில் ஒரே கட்டத்தில் வந்து சேருகிற மாதிரி போட்டிருந்தாள். ஸ்லிப் ஆரம்பிக்கிற கட்டத்திலிருந்து குறுக்கே இன்னொன்று, அக்கா கேட்டாள், யாரும் தரவில்லை என்று. அது ஸ்டே. தனத்தின் தெருவிலிருந்து வருகிற ஒரு பெண் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் ஓடி ஓடித் தாள்களைப் பிடுங்கினேன், எண்ணிப் பார்த்தால் இரண்டு குறைந்தது. சாயந்திரத்துக்குள் மாடம்பாக்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை குப்புராஜ் வந்தார். கத்துவார் என்று பயந்தேன், கத்தவில்லை. எம் பொண்ணு காலு வழுக்கி வுழுந்தா டீச்சர், போலீஸ் ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதிக்கீது, நீங்க எதுக்கு மாத்தி எழுதி ஊருக்கெல்லாம் குடுத்தீங்க என்று மட்டும் கேட்டார். தனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள், குறுக்கெழுத்தும் இனிமேல் கூடாது என்று உத்தரவு. மெமோ போகட்டும் அரசி, அது நியாயம்தான். என் நெஞ்சை அறுப்பது வேறு. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு பாஷையில் அந்தக் குழந்தை என் ஒருத்திக்காக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதை நான் படிக்கவே இல்லை, திருத்தினேன். திருத்தி வகுப்புக்கே கொடுத்தேன்.

மேலே மேலே கிளறாதே என்று அப்பா சொல்லியும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். குப்புராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். தனத்தின் அம்மா கங்கையம்மாள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவள் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லாரும் அந்தக் காயிதத்தப் பத்திப் பேசறாங்க, எனக்கு யாரும் படிச்சுச் சொல்லல, நீங்க சொல்லுங்க டீச்சர், ஒண்ணு வுடாம சொல்லுங்க என்றாள். தாள் என் பையில் இருந்தது. அரசி, இருபத்திரண்டு வருஷமாக அர்த்தம் சொல்லிக் கொடுக்கிறேன், இப்படி ஒரு அர்த்தம் சொன்னதில்லை. ஸ்லிப் என்றால் வழுக்குவது. ஜம்ப் என்றால் குதிப்பது. அதற்கு அவள் தலையை ஆட்டினாள், தெரிந்ததுதான் என்கிற மாதிரி. ஸ்டே என்றால் இங்கேயே இருப்பது என்றேன். அங்கேதான் அவள் உடைந்து போனாள். இங்கியே இருந்துடறேம்மான்னு மூணு நாளு கேட்டா டீச்சர், ஊரு இன்னா சொல்லும்னு நாந்தான் பொட்டியக் கட்டி வெச்சேன் என்றாள். கதவுக்குப் பின்னால் தனம் நின்றிருந்தாள். அம்மா அவளைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை, கை நீட்டினாள், அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

அரைப்பரீட்சைக்கு முதல் நாள் கங்கையம்மாளே தனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள், வூட்ல இருந்தா இதுவும் அதையே நெனைச்சிக்கினு இருக்கும் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னாளாம். குப்புராஜ் ஒரே ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறார், என் வகுப்பில் இருக்கக் கூடாது. அவளை பி செக்ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். வராந்தாவில் எதிரில் வந்தால் வணக்கம் டீச்சர் என்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வருகிறாளே, அது போதும் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொள்கிறேன், ஆகவில்லை.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை என்ன சாப்பிட்டார், என்ன சொல்லிச் சிரித்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். ஜூனுக்குப் பிறகு ஐந்து கடிதம் வந்திருக்கிறது, ஐந்திலும் காய்கறி விலை இருக்கிறது, பக்கத்து வீட்டு வங்காளிக் குழந்தை இருக்கிறது, அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. பொங்கலுக்கு வா என்றதற்கு மூன்று தடவை, கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதங்கள் வந்தபோது நான் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அப்பாவிடம் காட்டிவிட்டு டப்பாவில் போட்டிருக்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் அம்மா வீணாகப் பயப்படுகிறாள் என்று சிரித்துவிடு, நானும் சிரிக்கிறேன். ஏதாவது இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு நீ பயப்பட வேண்டாம். எனக்கு லீவு பாக்கி இருக்கிறது, அப்பாவின் ரயில்வே பாஸ் இருக்கிறது, வா அம்மா என்று ஒரு வரி எழுது, நான் ரூர்கேலாவுக்கு ரயில் ஏறிவிடுவேன்.

இதைத் தபாலில் போடவில்லை. அங்கே ஃபாக்டரியில் இருக்கும் நம் தெரு பத்ரிநாராயணன் நாளை திரும்பிப் போகிறார், உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி ஒட்டிக் கொடுக்கிறேன். வேளா வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் வாசலுக்குப் போகாதே. அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். மறக்காதே, பதிலை வீட்டுக்கு எழுதாமல் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு, நான்தான் பிரிப்பேன், நான் மட்டும்தான் படிப்பேன்.

உன் அன்பு அம்மா,
காந்திமதி