அத்தை ஏறினால் ஏறும் முள்

பிப்ரவரி 6, 1973

இன்றைக்கும் அதே கூத்து. அத்தையை, இவருடைய அம்மாவை, முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பினோம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டவில்லை, என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரில் முள் ஒரே துள்ளாகத் துள்ளிச் சிவப்புக் கோட்டில் உட்கார்ந்துகொண்டது. இவர் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, துண்டால் விசிறினார். என்ஜினுக்கு! கல்யாணமாகி ஒரு நாளாவது எனக்கு அப்படி விசிறியிருப்பாரா?

பழைய அம்பாசடர் டாக்சி. ஸ்டேஷனிலிருந்து ஃபேக்டரிக்காரர்களை ஏற்றிப் போகும்போது முள் சமர்த்தாக இருக்கிறதாம். அத்தை ஏறினால் மட்டும் அதுவும் ஏறுகிறது.

பிப்ரவரி 9

டாக்சி ஸ்டாண்டில் இதே பேச்சாம். துலுக்காணம் என்கிற டிரைவர் இவரிடம், "தாலியறுத்தவங்கள முன்னால குந்த வச்சிக்கினு போனா வண்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்றானாம். இந்த மனுஷன் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறார். சொல்லி முடித்த பிறகுதான் அத்தை கதவோரம் நிற்பதைப் பார்த்தார்.

அத்தை திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 11

அத்தை திருவாலங்காட்டில் இருக்கும் என் நாத்தனார் சம்பூர்ணம் வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் வண்டி நிற்கிறது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறார். "உன் பொழப்புக்கு நான் இன்னாத்துக்குடா குறுக்க?" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தடுத்திருக்க வேண்டாமா? பெத்த அம்மாதானே? இன்னா மனுசன் இவரு! ராத்திரி சோறு போட்டேன். பேசவில்லை.

பிப்ரவரி 13

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் இவர் குளிக்கப் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு போய் அத்தை இடத்தில் உட்கார்ந்தேன். என்ஜினை ஓட்டவில்லை. சாவியை மட்டும் திருப்பினேன். முள் அடியில் கிடந்தது. சரி, அத்தை எப்படி உட்காருவார்? எதிரில் லாரி வந்தால் பயத்தில் இரண்டு காலையும் முன்னால் அழுத்தி ஊன்றிக்கொள்வார், அவர்தான் பிரேக் போடுகிற மாதிரி. நானும் ஊன்றினேன். முள் துள்ளியது! ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த என்ஜின், ஜில்லென்று இருக்கிறது, மீட்டர் கொதிக்கிறது என்கிறது.

காலடிப் பாயைத் தூக்கினால் ஒயர். பழைய முதலாளி தனியாக வாங்கி மாட்டிய மீட்டராம் அது. ஒயரை அப்படியே கால்மாட்டில் இழுத்து விட்டிருக்கிறார். ரப்பர் தேய்ந்து செம்பு பல்லிளிக்கிறது. மிதித்தால் தகரத்தில் பட்டு முள்ளைத் துள்ள வைக்கிறது.

ஈரத் துண்டோடு வந்தவரைக் கூப்பிட்டு மிதித்துக் காட்டினேன். மறுபடி மறுபடி மிதித்தேன். "போதும்மே, விடு" என்றார். முகத்தைப் பார்க்கவேண்டுமே.

பிப்ரவரி 18

ஒயரை மாற்றி, அத்தையைக் கூட்டிவர இரண்டு பேரும் போனோம். "ஒயருதாம்மா காரணம், வா" என்று நாலு தடவை கெஞ்சின பிறகுதான் ஏறினார்.

திருவள்ளூர் தாண்டியதும் முள் கிளம்பியது. இவரோ, "பொய் சொல்லுது, உடு" என்று ஓட்டுகிறார். ஆனால் அன்றைக்குத் துள்ளியது. இன்றைக்கு மெள்ள மெள்ள ஏறுகிறதே? "நிறுத்துங்க" என்று கத்தினேன். நிறுத்தியதும் பானெட் இடுக்கில் புஸ்ஸென்று ஆவி.

"நான்தான் வரலைன்னேனே, ராகவா" என்றார் அத்தை. அந்தக் குரலைக் கேட்கச் சகிக்கவில்லை. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம். ஒயரும் இல்லை என்றால் பிறகு யார்?

பிப்ரவரி 19

மெக்கானிக் சின்னராசு வந்து என்ஜினை ஓடவிட்டார். என்ஜின் தொட்டால் சுடுகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. "தண்ணி சுத்தல. தெர்மோஸ்டாட் மூடிக்கினு கீது" என்று ஒரு பித்தளைச் சாமானைக் கழற்றினார். என்ஜின் சூடானால் அது திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்ப வேண்டுமாம்.

அத்தை நம்பவில்லை. நான் அதை வாங்கிப் பால் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது வாயே திறக்கவில்லை. அப்புறம் சின்னராசு கொண்டுவந்திருந்த புதுசைப் போட்டோம். கொதிக்கிறதுக்கு முன்னாலேயே மெதுவாகத் திறந்தது. வெளியே எடுத்து வைத்தால் மூடிக்கொண்டது. அத்தை திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் திறந்தது.

"அட சனியனே! இதுக்கா நான் பேசின் பிரிட்ஜில ரயில் மாறிக்கினு அலைஞ்சேன்?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இவர் அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, நாஷ்டா இன்னா?" என்றார். வேறு என்ன சொல்லத் தெரியும் இவருக்கு?

பால் சட்டியில் இனி பால் காய்ச்ச முடியாது.

மார்ச் 4

பக்கத்துத் தெருக் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பள்ளிப்பட்டில் கொண்டுபோய் விட இவர் வண்டி. வழியில் திருவாலங்காட்டில் இறங்கிக்கொள்ள அத்தையும் கிளம்பினார். மாப்பிள்ளையின் சித்தப்பா முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்குப் போறோம், இந்தம்மா..." என்று இழுத்தார்.

"எங்கம்மா முன்னாலதான் குந்துவாங்க. வேணும்னா வேற வண்டி பாத்துக்கோங்க" என்றார் இவர். ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி.

எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, கல்யாணப் பெண் முன் கதவைத் திறந்தாள். "பெரிம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று அத்தை பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண் ஆயிற்றே, உட்கார்ந்ததும் அழுகை. அத்தை குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னார். தெருமுனை திரும்பும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.