கடைசியில் போட்ட மாறிலி

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "இருக்கேம்மா" என்கிறாய். அடுத்த கேள்விக்குள் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. அப்பா ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பார், வீட்டுக் குழாய் மட்டும் அவர் கண்ணில் படாது. பல் மருத்துவமனையில் என் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது மாலையிலேயே வரவேற்பு மேசையைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். கிளம்பி எங்கே போகிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வகைக்கெழுச் சமன்பாடுகள், அறிமுகப் பாடம். ஆமாம், போன வருஷம் நீ தேறாமல் போன அதே பாடம்தான்.

கோபப்படாதே. உன்னை வேவு பார்க்கச் சேரவில்லை. தேர்வு முடிவு வந்த அன்று அப்பா உன்னைச் சோம்பேறி என்று போனில் திட்டினார். நீ பதில் பேசவில்லை. அப்புறம் எந்த விடுமுறைக்கும் வரவும் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிற என் பிள்ளையை ஊமையாக்கியது எது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கல்லூரியில் கணிதம் படித்தவள்தானே, சமாளித்துவிடலாம் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஆசிரியை வந்துவிட்டார் என்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. திமிர் அடங்க அதிக நாள் ஆகவில்லை. ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை மட்டும் சொல்வார்களாம், அது என்ன என்று நாம் கண்டுபிடிக்க வேண்டுமாம். எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது. முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுவாய், அப்புறம் அது பத்து நிமிஷமானது, இப்போது இரண்டு வார்த்தை. இது எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் தேர்வில் எனக்கு இருபத்தைந்துக்கு ஏழு. தொகையிட்ட உடனே சேர்க்க வேண்டிய மாறிலியை மறந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஞாபகம் வந்து, விடையின் வாலில் ஒட்டவைத்தேன். ஒரு கணக்கில் இல்லை, எல்லாக் கணக்கிலும். அதனால் விடையே தப்பாகிவிட்டது. "மாறிலி கடைசியில் தூவுகிற உப்பு அல்ல" என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார். நீயும் இப்படி எங்கேயாவது வழுக்கினாயா?

வகுப்பு முடிந்து அழைத்துப்போக வந்த அப்பா வண்டியிலேயே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். நான் தினமும் உட்கார்ந்து படித்ததை அவர் பார்த்திருக்கிறார், பாத்திரம்கூட அவர்தான் கழுவினார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வண்டியைக் கிளப்பவில்லை.

"அவனும் இப்படித்தான் உக்காந்து படிச்சிருப்பான், இல்ல?" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, தான் கேட்டதை உனக்கு எழுதக் கூடாது என்றார். எழுதிவிட்டேன்.

நீ இங்கே சேர்ந்து இந்தப் பாடத்தில் தேறினாலும் உன் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்று ஆசிரியை சொன்னார். அது உன் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை. என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, அதில் என் பையை வைத்துக்கொள்கிறேன். படிக்க வராவிட்டாலும் வீட்டுக்கு வா. உன்னைப் பார்க்காமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

உன் அம்மா

எழுதியதை அப்பா படித்துவிட்டார். திட்டவில்லை. கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரமாக உட்கார்ந்திருக்கிறார்.

வாடா.
அப்பா