சேற்றைச் சுற்றிப் போன சாமி

மச்சான்,

இன்று காலை கோயில் பெட்டியைத் திறந்தேன். கடிவாளத்தின் வார் முழுக்கப் பூசணம். மழையும் பனியும் விடாத இந்த மலையில் தோல் சாமானைப் பூட்டி வைத்தால் வேறு என்ன ஆகும்? நீ இருந்திருந்தால் மாதம் ஒருமுறை எடுத்து, பழந்துணியில் விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்து, கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கிற நேரமாகப் பார்த்து வாசலில் தொங்கவிட்டிருப்பாய். நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. இத்தனை நாளும் யாருக்கும் அந்த நினைப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. பூசணத்தைத் துடைத்து எண்ணெய் தேய்த்தேன். தோலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை எழுந்ததும் உன் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் என் சோற்றிலும் குதிரை வாசம் அடிக்கிறது என்று எத்தனை தடவை உன்னைச் சீண்டியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் பழசைச் சொல்லிவிட்டுத்தான் அதற்கு வரவேண்டும். பொறுத்துக்கொள். நான் எதையும் சுருக்கமாகச் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

நம் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர் உன் அப்பா. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் பழைய துரை கப்பலேறிப் போனார். புதிதாக வந்தவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. குதிரையை நுவரெலியாவுக்கு நடத்திக்கொண்டுபோய் விற்றார்கள். ஒரு பழைய கடிவாளம் மட்டும் உன் அப்பா கையில் மிஞ்சியது. அவர் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. மேல் மலையில், சவுக்கு மரத்தடியில் இருக்கிற கருப்பசாமியின் சூலத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டார். சாமி குதிரையில் வருகிறவர்தானே, இது அவருக்கே இருக்கட்டும் என்றார். தோல் சாமானைச் சாமியிடத்தில் வைக்கலாமா என்று பூசாரி முகம் சுளித்தபோது, நீ சும்மா இருந்தாயா?

"தப்பை எதுல கட்டியிருக்கு பூசாரி, வாழை எலையிலயா?" என்று கேட்டாய். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் சிரித்த சிரிப்பில் பூசாரியும் சிரித்துவிட்டார். மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கடிவாளத்தைச் சாமிக்குச் சேர்த்துவிட்டோம்.

அதுவரை, எனக்குச் சாமி வந்து ஆடும்போது, என் இடுப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித்தான் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அந்த வருடத்திலிருந்து கடிவாளம் வந்தது. சாமியாடிதான் கருப்பசாமிக்குக் குதிரை என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. சாமிக்கு ஒரு கையில் அரிவாள், ஒரு கையில் சாட்டை, ஆகவே கடிவாளத்தைப் பிடிக்க வேறொரு கை வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. இரும்பு என் நெஞ்சில் தொங்கும். இரண்டு வாரும் என் கக்கத்துக்குக் கீழாகப் பின்னுக்குப் போகும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நீ நடப்பாய். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, மாமன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் வைத்திருந்தார்கள். கூடப் பிறந்தவன் என்றால் நம் கோபத்தோடு சேர்ந்து அவனும் ஓடிவிடுவானாம். என் தங்கச்சியைக் கட்டிய உனக்கு அந்த வேலை வந்தது அப்படித்தான்.

நீ இழுக்கவே மாட்டாய். அதுதான் எனக்கு ஆச்சரியம். "சும்மா சும்மா இழுத்தா குதிரைக்கு வாய் மரத்துப் போகும்னு அப்பா சொல்லுவாரு. வார் கையில இருக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்சாப் போதும்," என்பாய். ஓடைப் பாலத்தருகே திரும்ப வேண்டுமென்றால் இடது வாரை லேசாகத் தொடுவாய். கண் செருகி ஆடுகிற எனக்கு எப்படித் தெரியுமோ, கால் இடது பக்கம் திரும்பிவிடும்.

திருவிழாவில் மட்டுமா? என் கோபம் தோட்டமே அறிந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும்போது வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஒரு வார்த்தை சொன்னால் நான் மூன்று வார்த்தை சொல்வேன். பின்னாலிருந்து என் கம்பளியைப் பிடித்து, "மச்சான், கருப்பன் பெரட்டுக்கெல்லாம் வர்றதில்ல," என்று முணுமுணுப்பாய். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கண்டாக்கு தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து இன்னும் கத்துவார்.

அப்புறம் என் தம்பியின் விஷயம் வந்தது. தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளை ஒன்று தொடங்க அவனும் நாலு பேரும் இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எப்படியோ பங்களாவுக்குத் தெரிந்துபோய், அவனை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தி லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மழையில் சட்டி பானையோடு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவன் நல்லதண்ணிக்குப் போனான். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களுக்குத் தேநீர் விற்கிற கடையில் பாத்திரம் கழுவினான். யார் காட்டிக்கொடுத்தது? எனக்குச் சந்தேகமே இல்லை. செல்லமுத்துதான். பங்களாத் தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். தம்பியை நிறுத்துவதற்கு முதல் நாள் அவன் துரையோடு நின்று பேசியதை என் கண்ணால் பார்த்தேன்.

அவனை அடித்திருந்தால் என் வேலையும் போயிருக்கும். அதனால் வேறொன்றை யோசித்தேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. திருவிழா வரட்டும், சாமியின் வாயால் அவன் பெயரைச் சொல்லிவிடுகிறேன் என்று தீர்மானித்தேன். கருப்பசாமி ஒருவனைக் காட்டிவிட்டால் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவன் மகளுக்குக் கந்தப்பளையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் திருவிழாவுக்கு வருகிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் தீர்மானித்தேன்.

திருவிழா அன்று பகல் பூசை. மலை முழுக்க மூடுபனி. தப்பு அடிக்கத் தொடங்கினால் மற்ற வருடங்களில் முதுகுத்தண்டில் ஏதோ ஏறும், அதற்குப் பிறகு எனக்கு நினைவிருக்காது. அந்த வருடம் தப்புச் சத்தம் வெறும் தப்புச் சத்தமாகவே கேட்டது. குளிர் தெரிந்தது. காலில் கல் குத்தியது தெரிந்தது. கூட்டத்தில் செல்லமுத்து எந்த இடத்தில் நிற்கிறான், அவன் மகள் என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்தது. சாமி வரவில்லை. இருந்தும் ஆடினேன்.

கோயில் தலைவர் கற்பூரத்தை ஏந்திக்கொண்டு, "என்னா கொறை சாமி, சொல்லு," என்று கேட்டார்.

"கூட இருக்கிறவன் குடியக் கெடுத்தவன் ஒருத்தன் இங்கதான் நிக்கிறான்," என்று கத்தினேன்.

"யாரு சாமி?" என்றார் தலைவர். நான் கையை நீட்டினேன். பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் நீ இழுத்தாய். அத்தனை வருடத்தில் அந்த ஒரே தடவை. நெஞ்சில் இரும்பு இடிக்க, மூச்சடைத்து மல்லாக்க விழுந்தேன். "சாமி மலையேறிருச்சு! தண்ணி தெளிங்க, துண்ணூறு கொண்டாங்க!" என்று நீ கத்தியது கேட்டது. குனிந்து என் நெற்றியில் திருநீறு பூசுகிற சாக்கில் காதருகே வந்து சொன்னாய்: "சாமி வரல மச்சான். நீ மட்டுந்தான் வந்துருக்க."

மறுநாள் காலை பீலியடியில் நீ முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து சண்டைக்கு நின்றேன். "ஒனக்கு எப்படித் தெரியும் சாமி வரலன்னு?"

"சாமி வந்தா நீ நேராப் போவ. கல்லு முள்ளு பாக்க மாட்ட. வார் வெறப்பா நிக்கும். நேத்து வார் தொங்கிப் போய்க் கெடந்துச்சு. போதாததுக்கு, கோயில் வாசல்ல சேறு கெடந்துச்சுல்ல, அதச் சுத்திப் போன. சேத்தப் பாத்து ஒதுங்கிப் போற கருப்பசாமிய நான் இப்பத்தான் பாக்குறேன்."

உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம். "என் தம்பி பிள்ளகுட்டியோட மழையில போனானே, அது ஒனக்கு மறந்துபோச்சா?" என்றேன். "ஒந் தம்பி எனக்கும் மச்சினன்தான்," என்று சொல்லிவிட்டு நீ முகத்தைத் துடைத்தாய்.

தீபாவளி வரைக்கும் உன்னோடு பேசவில்லை. செல்லமுத்து மகளின் கல்யாணம் நடந்தது, எல்லோரும் போனீர்கள், நான் போகவில்லை. உன் பெண்டாட்டி இரண்டு பக்கமும் நின்று அழுதாள். நீ மட்டும் உன் சேட்டையை விடவில்லை. பெரட்டுக்களத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, ஆகாயத்தைப் பார்த்து, "இன்னிக்கு கீழ் மலையாம். அங்க சேறு கூடுதல்," என்று சொல்வாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரிந்திருக்கும்.

தீபாவளிக்கு வந்த தம்பி, தன்னால் நாம் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் உடைந்துபோனான். "நாந்தாண்ணே ஒளறிட்டேன். டயகமத் தவறணையில குடிச்சிட்டு, சங்கம் வைக்கப் போறோம்னு பெருமையடிச்சேன். கண்டாக்கோட ஆளு பக்கத்து மேசையில இருந்திருக்கான். எப்படி ஒங்ககிட்ட சொல்றதுன்னு இருந்துட்டேன்," என்றான். அன்று நான் உன் காம்பிராவுக்கு வந்து வாசலில் நின்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் நீ என்னைக் குத்திக் காட்டியிருக்கலாம். உள்ளே பார்த்து, "ஒங்க அண்ணனுக்குச் சாயத்தண்ணி ஊத்து," என்று மட்டும் சொன்னாய். அந்தப் பாலில்லாத தேநீரைக் குடித்துக்கொண்டு அழுதேன். நீ வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு பத்து வருடம் ஓடிவிட்டது. உனக்குத் தெரிந்திருந்தது, அதனால் இழுத்தாய் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் பக்கத்தில் இருந்தபோதுதான் கேட்டேன். "செல்லமுத்து மேல தப்பில்லன்னு அன்னைக்கு ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

இருமலும் சிரிப்புமாக நீ சொன்னாய்: "எங்க தெரிஞ்சிச்சு? நானும் அவன்தான்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் இழுத்த?"

"அவன்தான்னா நேரப் போய் அவன்கிட்ட கேக்கணும். அதுக்குச் சாமி வாய எரவல் வாங்குறதா?"

என்னைப் போலவே நீயும் அன்று கோபத்தில் இருந்திருக்கிறாய். அவனை நீயும் நம்பவில்லை. இருந்தும் அந்த வாரைப் பிடித்து இழுத்திருக்கிறாய். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மச்சான், எப்போதும் பிடிக்கும். ஆனால் அன்று அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது பிடித்த மாதிரி அதற்கு முன் பிடித்ததில்லை.

நேரப் போய்க் கேட்கணும் என்று நீ சொன்னது நீ போன பிறகும் என்னை விடவில்லை. கேட்க வேண்டியது இப்போது மன்னிப்புதான். அதற்கு ஏழு மாதம் பிடித்தது, நான் அப்படிப்பட்ட ஆள். ஞாயிற்றுக்கிழமை செல்லமுத்துவைத் தேடிப் போனேன். லயத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டத்துக் கோவாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைச் சொன்னேன், தவறணையைச் சொன்னேன், சாமி வராமலே ஆடியதைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை. ஒரு பாத்தி முழுக்கக் களை பிடுங்கி முடித்தான்.

"என்னப் பாத்துத்தான் கை நீட்டுனீங்கன்னு அப்பவே தெரியும்ணே," என்றான். "ஆனா அது சாமின்னுதான் நெனச்சேன். ஒரு தப்பும் பண்ணாத என்னையே கருப்பன் சந்தேகப்படுறானேன்னு... அதோட மேல கும்பிடப் போறத விட்டுட்டேன். பத்து வருசமாச்சு."

அவன் திருவிழாவுக்கு வராததை நான் முதல் வருடம் கவனித்தேன். மனசில் குற்றம் உள்ளவன் எப்படி வருவான் என்று நினைத்தேன். அவன் குற்றமற்றவன் என்று தெரிந்த பிறகு அதைப் பற்றி நினைக்கவே இல்லை. மகளின் கல்யாணம் நடந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன். நீ என் வாயை நிறுத்தியது சரி. அதைத் திறந்து பேச வேண்டிய வேலை ஒன்று எனக்கு மிச்சம் இருந்திருக்கிறது.

"அப்ப அது கருப்பன் இல்லையாண்ணே?" என்று கேட்டான்.

"இல்ல செல்லமுத்து. நான்தான். நான் மட்டுந்தான்."

அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் பீலிக்குப் போய்க் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் மேல் மலைக்கு ஏறினோம். சவுக்கு மரத்தடியில் அவன் வெகுநேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

இறங்கி வரும்போது, "வர்ற திருவிழாவுக்குக் கடிவாளத்த யாருண்ணே பிடிக்கிறது?" என்று கேட்டான். இன்னும் ஆள் இல்லை என்றேன்.

"நான் பிடிக்கிறேன்."

நீ எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லையே என்றேன்.

"இல்லாட்டிப் போகுது. ஆனா ஒண்ணுண்ணே, ஒங்க மச்சான் மாதிரி பாத்துக்கிட்டெல்லாம் இருக்க மாட்டேன். நான் நல்லா இழுப்பேன்."

இழு என்று சொல்லிவிட்டேன், மச்சான்.