சோற்றுப் பானையில் கியர்ப் பிடி

அத்தான்,

இன்று சோறு கொதித்து மூடி ஆடியபோது, அதன் தலையில் இருக்கும் மரப்பிடியைத் துணியால் பிடித்துத் தூக்கினேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்களும், பின்னோக்கிப் போவதற்கான எழுத்தும் அதில் இன்னும் அழியவில்லை. இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் கியர் போட்டுச் சோறு வடிப்பவள் உங்கள் மச்சாள் ஒருத்திதான்.

கூரை திறக்கிற அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நீங்கள் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, அந்தச் சின்யோரா, மகன் வேண்டாமென்று விட்டுப்போனதைச் சின்னக் காசுக்கு உங்கள் தலையில் கட்டியது. ஒரேத்தோ தெருவில் எங்கள் வாசலில் அதை நிறுத்திவிட்டு நீங்கள் இறங்கியபோது, முழங்கால்தான் முதலில் வெளியே வந்தது.

"இது காரோ அத்தான், சப்பாத்தோ?"

"சிரி மச்சாள், சிரி. புதுக் காருக்கு வருசா வருசம் விலை இறங்கும். இதுக்கு ஏறும்."

"சாந்தா ரோசாலியா மலையிலை ஏறாதது, விலையிலை மட்டும் ஏறுமோ?"

அக்காவும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதென்றால், விசா பார்க்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், உங்கள் பேரில் ஒரு வாடகை வீடு காட்ட வேண்டும். நீங்களோ எங்கள் முன்னறையில் பாய் விரித்துக் கிடந்தீர்கள். வீட்டு முற்பணத்துக்கு உங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கார். வியா மக்வேதா தெருவில் இருக்கிற, பழைய கார்கள் சேர்க்கிற ஒரு வழக்கறிஞர் வந்து பார்த்து, முற்பணத்துக்குப் போதுமான விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை எடுப்பதாகச் சொல்லிப் போனார்.

ஞாயிறு வருவதற்குள், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் காரைச் சோடித்துவிட்டீர்கள். வெடித்த தோல் உறைகளைக் கழற்றிப் பூப்போட்ட உறை. பின்னால் வருவதைப் பார்க்கிற மங்கிய கண்ணாடிக்குப் பதில் பெரிய கண்ணாடி. மரக் கியர்ப் பிடிக்குப் பதில் பளபளக்கிற வெள்ளைப் பிடி.

"நல்ல விலை தாற மனிசனுக்குப் பழசைக் குடுக்கிறதோ?" என்றீர்கள்.

கதவைத் திறந்த மனிதர் தலையில் கை வைத்தார். பழைய சாமான்கள் எங்கே என்று கேட்டார். எல்லாம் புதுசு என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். தான் விலை பேசியது அந்தப் பழசுக்குத்தான், இதற்குப் பாதிகூடத் தரமாட்டேன் என்றார் அவர். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அக்கா ஏறவேண்டிய விமானம் அவளை விட்டுவிட்டுப் பறந்ததுபோல் இருந்தது.

நல்லவேளை, உங்கள் மச்சாள் எதையும் எறியாதவள். தோல் உறைகள் என் குசினிக் கதிரைகளில் இருந்தன. கண்ணாடி குளியலறையில் தொங்கியது. ஒவ்வொன்றாகக் கழற்றிவந்து கொடுக்கக் கொடுக்க அவர் முகமும் தெளிந்தது, விலையும் பழைய இடத்துக்கு வந்தது. கடைசியாகக் கியர்ப் பிடியைக் கேட்டார்.

"அது அடுப்பிலை நிக்குது," என்றேன். பிடி கழன்ற பானை மூடியில் அதைத்தான் பூட்டியிருந்தேன். "சோறு அரைவேக்காடு. இப்ப மூடியை எடுக்கேலாது எண்டு சொல்லுங்கோ அத்தான்."

அதையும் மொழிபெயர்த்தீர்கள். அவர் குசினியில் உட்கார்ந்து காத்திருந்தார். சும்மா இருக்கிறவருக்கு நண்டுக் குழம்போடு சாப்பாடு போட்டேன். மூன்றாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டபின், விரலைத் துடைத்துக்கொண்டு, பிடி பானையிலேயே இருக்கட்டும் என்றார். பேசிய விலையை முழுதாகவே தந்தார்.

அவர் போனதும், "உன்ரை நண்டையும் சேர்த்து வித்துப்போட்டன், மச்சாள்," என்றீர்கள்.

அக்கா வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள். நீங்கள்தான் அவசரப்பட்டுக் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்று ஸ்தாசியோனே ரயிலடிப் பக்கத்தில் அந்தக் காரைக் கண்டேன். நிறுத்திக் கதைத்தார் வழக்கறிஞர். விலை இரண்டு மடங்காகிவிட்டதாம். நீங்கள் இருந்திருந்தால், அண்டைக்கே சொன்னனே என்று ஒரு மாதத்துக்கு என்னை இருக்கவிட்டிருக்க மாட்டீர்கள்.

நான் மூடியைத் தொட்டாலே, "முதல் கியரைப் போடு மச்சாள்," என்பீர்கள். இன்றும் போடுகிறேன். அக்கா பார்க்காத நேரத்தில், பின்னோக்கிப் போகிற கியரையும் போட்டுப் பார்க்கிறேன்.

சோறுதான் வேகிறது, அத்தான்.