மேலே வந்த கரை

ஏப்ரல் 6, 2007

பூமி ஆடின அன்று காலையில் கரையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை நெலிதா, அவள் புருஷன் திவுரு, என் மகள் மொரீன், அவள் கைக்குழந்தை சிலா. ஐந்து பேரும் உயிரோடு மலைக்கு ஏறிவிட்டோம். திவுரு படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஏறினான். பெண்டாட்டி கையைப் பிடிக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

கடல் ஏறி வரும் என்று பயந்துகொண்டே இருந்தோம். எங்கள் பக்கம் கடல் ஏறவில்லை. தரைதான் ஏறிவிட்டது.

ஏப்ரல் 11

இறங்கிப் பார்த்தேன். நான் சிப்பி பொறுக்கும் பவளப்பாறை ஆள் உயரத்துக்கு மேலே வந்து காய்கிறது. செத்த மீன் நாற்றம் மலை வரைக்கும் வருகிறது. மொரீன் வீடு மண்சரிவில் போய்விட்டது. என் வீட்டு மூலையில் படுத்திருக்கிறாள்.

நம் பாவம்தான் காரணம் என்கிறார் போதகர். யார் பாவம்? பெயரைச் சொன்னால் என்னவாம்?

மே 20

நாற்றம் அடங்கிவிட்டது. புதுக் கரையிலேயே மொரீனுக்கு வீடு கட்டலாம் என்று போனால், திவுரு தென்னம்பிள்ளை நட்டு வைத்திருக்கிறான்!

"யாரைக் கேட்டுடா நட்டே?"

"கடல்லேருந்து வந்த தரை மதினி. அந்தக் கடல்ல வலை போட்டவன் நான்தானே?"

"அப்போ மழை பேஞ்சா வானமும் உனக்கா?"

எங்கள் தீவில் நிலம் அம்மா வழி. கட்டிக்கொண்டு வந்தவன் உழுது தின்னலாம், தனதென்று சொல்லக் கூடாது. விட்டால் நாளைக்கு அவன் வாரிசென்று அவன் அக்கா மக்கள் வந்து உட்காருவார்கள். என் மொரீன் எங்கே போவாள்?

ஜூன் 3

தலைநகர் ஹொனியாராவிலிருந்து டோரிஸ் என்று ஒரு பெண் பாறையை அளக்க வந்திருக்கிறாள். சுட்ட கிழங்கு கொடுத்தேன். வக்கணையாகத் தின்றாள்.

"பூமியோட மேல்தோடு ஒரே துண்டு இல்லம்மா. உடைஞ்ச சிரட்டை மாதிரி பல துண்டு. ஒரு துண்டு நம்ம தீவுக்கு அடியில நுழையுது. நுழையும்போது சிக்கிக்கும். சிக்கினது விடுபட்டா பூமி ஆடும், நம்ம ஓரம் மேல எகிறும்."

மணலில் பெரிய கடலை வரைந்து ஓரமெல்லாம் புள்ளி வைத்தாள். சிலி, ஜப்பான், நியூசிலாந்து, நாங்கள். அத்தனை ஊரிலும் ஆடுமாம். அத்தனை பேரும் பாவிகளா? போதகரைக் கேட்க வேண்டும்.

"கிழங்கு தோண்டுறப்ப மலையில சிப்பி வருதே, ஏன்?"

"அந்த மலையும் கடலுக்குள்ள கிடந்ததுதான். இப்படியே எழும்பி எழும்பி மலையாச்சு."

கிழங்கு கொடுத்தது வீண் போகவில்லை.

ஜூன் 17

புதுக் கரை யாருக்கு என்று ஊர்த் தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம். எங்கள் அம்மா சாகும் முன் சொன்னது: "மலை உச்சியிலேருந்து அலை உடையற இடம் வரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும்." அப்போது பக்கத்தில் நானும் நெலிதாவும். வேறு யாரும் இல்லை.

தலைவர் நெலிதாவைக் கேட்டார். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே — "எனக்கு ஞாபகம் இல்லை."

ஞாபகம் இல்லையாம்! அம்மா தலையை மடியில் வைத்திருந்தவளே இவள்தான்.

மடியிலிருந்து மலைச் சிப்பியை எடுத்து வைத்தேன். "திவுரு, மலை கடலா இருந்தப்பவும் நீதான் வலை போட்டியா? மலை எங்க அம்மாவோடது. அதே மாதிரி எழும்பின கரை மட்டும் எப்படிடா உன்னோடதாகும்?"

கூட்டமே சிரித்தது. திவுருவும் சிரித்துவிட்டான். மலை யாருக்கோ கரையும் அவர்களுக்கே என்று தலைவர் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 2

மொரீன் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. சிலா புதுக் கரையில் நடை பழகுகிறாள். தண்ணீரோரம் மறுபடி சிப்பி ஒட்ட ஆரம்பித்திருக்கிறது.

அம்மா சொன்னபடி நெலிதாவுக்குப் பாதி கொடுத்தேன். திவுருவின் தென்னையைப் பிடுங்கவில்லை. ஆசைப்பட்டான், வெளிப்படையாகக் கேட்டான், தோற்றான். அவனை மன்னித்தாயிற்று.

இன்று நெலிதா இலையில் சுட்ட மரவள்ளிப் பணியாரம் கொண்டுவந்தாள். ருசிக்குக் குறையில்லை. தின்றுகொண்டிருக்கும்போது தரை லேசாக ஆடிற்று. இரண்டு பேரும் சிரித்தோம்.

"அம்மா சொன்னது இப்பத்தான் ஞாபகம் வருதுக்கா," என்றாள்.

இன்னொரு பணியாரம் எடுத்துக்கொண்டேன். தீவு இன்னும் உயருமாம். உயரட்டும், இந்தக் கடலே மலையாகட்டும், மன்னிக்க மாட்டேன் — நெலிதாவை.